11 டிகிரி வானம்: கொங்கு மாணவர்களுக்கு வானியல் முதல் பாடம்

நிலவியலோ புவியியலோ எடுத்துப் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே வானியல் வந்துவிடும். நடுவில் சூரியன், சுற்றிலும் சாய்ந்த நான்கு பூமி உருண்டைகள் என்று ஒரு படம் இருக்கும். அதை எல்லோரும் மனப்பாடம் செய்து வரைந்துவிடுவார்கள். ஆனால் "ஜூன் மாதம் நடு மதியத்தில் உங்கள் வீட்டுக் களத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "வடக்கே" என்றுதான் பதில் வருகிறது. தெற்கே விழும் என்பதை மண்ணில் கோடு போட்டுக் காட்டினால் வியப்பாகப் பார்க்கிறார்கள்.

படத்தில் பிழையில்லை. கடகரேகைக்கும் வெகு வடக்கே வாழ்கிறவர்கள் தங்கள் வானத்தை வைத்து எழுதிய விளக்கம்தான் நம் பாடப்புத்தகங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு மேல் வராது. நமக்கு வருடத்தில் இரண்டு முறை வரும். அதனால் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாம் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வடக்கு அட்சக்கோடு 11 டிகிரி. பொள்ளாச்சி 10.7, ஈரோடு 11.3, சேலம் 11.7. கொங்கு நாடு மொத்தமும் இந்த 11-ஐ ஒட்டித்தான் கிடக்கிறது. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே பாதிப் பாடத்தை முடித்துவிடலாம்.

முதல் படி: ஒரு மீட்டர் குச்சி

தேவையானவை: நேரான குச்சி அல்லது கம்பி, தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு, ரசமட்டம். கொஞ்சம் கயிறு, சாக்பீஸ், அளவுநாடா. மொட்டை மாடியோ நெல் காயப்போடும் களமோ போதும். தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மாடித் தரையில் தண்ணீர் வடிவதற்காக வாட்டம் விட்டிருப்பார்கள். அது அளவைக் கெடுக்கும். குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

காலை ஒன்பதரை மணி வாக்கில் நிழலின் நுனி எங்கே இருக்கிறதோ அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து, குச்சியடியை மையமாகக் கொண்டு கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள். நுனி இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் ஆக ஆக நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும். மதியத்துக்கு மேல் நீண்டு மறுபக்கம் வட்டத்தைத் தொடும். அந்த இடத்தையும் குறியுங்கள். இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் அதுதான் உண்மையான மேற்கு–கிழக்குக் கோடு. அதற்குச் செங்குத்தாகக் குச்சியடி வழியே போடும் கோடு வடக்கு–தெற்கு. கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்துக் கட்டடம் எழுப்பும் வழக்கம் நம்மிடம் சங்க காலத்திலேயே உண்டு.

"திசைகாட்டி இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். காந்த ஊசி காட்டுவது காந்த வடக்கு. நம் பகுதியில் அதற்கும் உண்மை வடக்குக்கும் ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலைக்குக் களப்பணிக்குப் போனால் நிலைமை வேறு. அந்த மலையில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. பாறையை ஒட்டி நின்றால் ஊசியை நம்ப முடியாது. நிழலை எந்தப் பாறையும் இழுக்காது.

இரண்டாம் படி: நம் ஊர் மதியம் 12 மணிக்கு வருவதில்லை

நிழல் வடக்கு–தெற்குக் கோட்டின் மேல் விழும் நேரம்தான் உண்மையான நண்பகல். கைப்பேசியில் மணி பாருங்கள். 12 காட்டாது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கோயம்புத்தூர் 77-ல் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். ஐந்தரை டிகிரிக்கு 22 நிமிடம். ஆகவே சராசரியாக 12.22-க்குத்தான் கோவையில் உச்சிப்பொழுது.

சராசரியாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் அளந்தால் 12.06-க்கே நண்பகல் வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.36 ஆகிவிடும். பூமியின் பாதை சரியான வட்டமல்ல என்பதும், அச்சு சாய்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு முறை, ஒரு வருடம் அளந்து நோட்டில் எழுதுங்கள். பூமியின் பாதை எப்படி இருக்கிறது என்பதை உங்கள் மாடியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள்.

மூன்றாம் படி: நிழலின் நீளத்தில் ஒளிந்திருக்கும் 11

மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். உங்கள் 1 மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் வடக்கே 19.4 செ.மீ. விழும். காகிதத்தில் 100-க்கு 19.4 என்று செங்கோண முக்கோணம் வரைந்து கோணமானி வையுங்கள். 11 டிகிரி வரும். யாரும் சொல்லித் தராமல் உங்கள் ஊர் அட்சக்கோட்டை நீங்களே அளந்துவிட்டீர்கள்.

அதே நாளில் கன்னியாகுமரியில் நண்பர் யாராவது அளந்தால் அவருக்கு 14.2 செ.மீ. கிடைக்கும், கோணம் 8.1 டிகிரி. வித்தியாசம் 2.9 டிகிரி. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் நேர் வடக்கு–தெற்குத் தூரத்தை எடுங்கள், சுமார் 325 கி.மீ. சாலைத் தூரத்தை எடுத்துவிடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். 2.9 டிகிரிக்கு 325 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். பூமியின் சுற்றளவு அதுதான். எகிப்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே 7.2 டிகிரி வித்தியாசத்தை வைத்து எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் கிறிஸ்து பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முன்பே போட்ட கணக்கும் இதேதான்.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியன் அதே அளவு வடக்கும் தெற்கும் போய் வருகிறது. டிசம்பர் 21 வாக்கில் தெற்குக் கடைசியில் இருக்கும்போது நம் நிழல் வடக்கே 69 செ.மீ. வரை நீளும். ஏப்ரல் 19 வாக்கில் சூரியன் சரியாக 11 டிகிரிக்கு வந்து சேரும். அன்று கோவையில் 12.22-க்குக் குச்சிக்கு நிழலே இருக்காது. ஈரோட்டில் ஒரு நாள் கழித்து, சேலத்தில் இன்னும் ஒரு நாள் கழித்து. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்; சுற்றிலும் ஒரு விரல் நிழல்கூட விழாது. அதற்கப்புறம் நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. ஜூன் 21 அன்று நிழல் தெற்கே 22 செ.மீ. முதலில் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான். ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடியும் நிழலில்லா நாள் வரும்.

வெயிலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பூமி சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று நினைக்கிறார்கள். பூமி மிகக் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், 14.71 கோடி கி.மீ. மார்கழிக் குளிரில் நாம் போர்வையைத் தேடும் நாட்கள் அவை! மிகத் தள்ளி இருப்பது ஜூலையில், 15.21 கோடி கி.மீ. கோடைக்குக் காரணம் தூரமல்ல, சாய்வு.

ஆனால் சாய்வு மட்டும் போதாது என்பதையும் கொங்கு நாட்டில்தான் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியும். ஏப்ரலில் உச்சியில் நிற்கும் சூரியன் சுட்டெரிக்கிறது. அதே உயரத்தில் ஆகஸ்டிலும் நிற்கிறது, ஆனால் அந்தச் சூடு இல்லை. சூரியன் வடக்கே போனதும் வட இந்திய நிலப்பரப்பு காய்ந்து அங்கே காற்றழுத்தம் குறைகிறது, தென்மேற்குக் காற்று இழுக்கப்படுகிறது. மேற்கு மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்க, பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் வாசல். அந்த வாசல் வழியாகத்தான் ஆடிக் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்து வீசுகிறது. அங்கே நிற்கும் காற்றாலைகள் சுழல்வதற்கு மூல காரணம் அந்த 23.4 டிகிரிச் சாய்வு. தேர்வில் பருவகாலம் பற்றிக் கேட்டால் இந்த உதாரணத்தை எழுதுங்கள்.

நான்காம் படி: ராத்திரி, கையையே கருவியாக வைத்து

தொலைநோக்கி வாங்காதீர்கள். குறைந்தது ஒரு வருடம் வெறும் கண்ணால் பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சுண்டுவிரல் 1 டிகிரி. முழு நிலா அரை டிகிரிதான், சுண்டுவிரலில் பாதி. நம்பிக்கை வராது, பிடித்துப் பாருங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் விடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு வானம் தெளிவு. கோவை, திருப்பூர் வெளிச்சத்தைத் தாண்டிப் போக வேண்டும். தாராபுரம், மூலனூர் பக்கத்து வெட்டவெளி நன்றாக இருக்கும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பூச்சி பொட்டு இருக்கும் இடமென்றால் களத்தைவிட்டு இறங்காதீர்கள்.

வடக்கே திரும்பி அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி வையுங்கள். அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். அதன் உயரம் 11 டிகிரி. மறுபடியும் அதே எண். துருவ நட்சத்திரத்தின் உயரமும் நிற்கிற ஊரின் அட்சக்கோடும் ஏறத்தாழ ஒன்றுதான். அது வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் என்று நினைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நடுத்தர வெளிச்சம்தான், தென்னந்தோப்பு மறைத்துவிடும். பண்ணாரி பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மலையே மறைக்கக்கூடும்.

தெற்கே நமக்குக் கிடைக்கும் வானம் ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காது. பிப்ரவரியில் தெற்கே பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நிற்கும். அதற்குக் கிழக்கே ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் கூட்டம் அது, 4.37 ஒளியாண்டு. அடுத்த வீட்டுக்காரரை வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

அந்த 4.37 எவ்வளவு தூரம்? 22 செ.மீ. அகலப் பூசணிக்காயைச் சூரியன் என்று வையுங்கள். பூமி ஒரு கடுகு, 24 மீட்டர் தள்ளி. நிலா அந்தக் கடுகிலிருந்து 6 செ.மீ. வியாழன் ஒரு நெல்லிக்காய், 120 மீட்டரில். நெப்டியூன் 700 மீட்டரில். ஆல்ஃபா சென்டாரி? 6,500 கி.மீ., ஏறக்குறைய ஜப்பான் தூரம். இதைப் பள்ளி மைதானத்தில் ஒரு முறை நடந்து பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

ஜனவரி முன்னிரவில் கிழக்கே ஏறி வரும் மூன்று நட்சத்திரக் கோட்டைப் பிடியுங்கள். ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் குழுவின் இடுப்புப் பட்டை. அது கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழும், நேர் மேற்கில் மறையும். நீங்கள் போட்ட நிழற்கோட்டோடு ஒப்பிடலாம். அதன் வடபக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. மேற்கே போனால் ரோகிணி, அதற்கப்பால் கொத்தாகக் கார்த்திகை. பஞ்சாங்கத்தில் வரும் பெயர்கள் எல்லாம் வானத்தில் இருக்கும் பொருள்கள் என்று அன்று உறைக்கும். ஒரே இடத்தில் நின்று ஒரு நட்சத்திரம் தென்னை உச்சியைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் 4 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். பூமி ஒரு சுற்றுச் சுழல 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றிலும் சற்று நகர்ந்துவிடுவதால் சூரியனை மறுபடி நேராகப் பார்க்க இன்னும் 4 நிமிடம் சுழல வேண்டும். 24 மணி நேர நாள் அப்படி வந்தது.

ஐந்தாம் படி: நிலா

பாடப்புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கும். நம் மூன்றாம் பிறையோ படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். நம் ஊரில் சூரியனும் நிலாவும் கிட்டத்தட்டச் செங்குத்தாக அடிவானத்தில் இறங்குகின்றன. சூரியன் பிறைக்கு நேர் கீழே இருப்பதால் அடிப்பக்கம் ஒளிர்கிறது. புத்தகத்தை நம்பிக் கண்ணைச் சந்தேகப்படாதீர்கள்.

பிறைகள் பூமியின் நிழலால் வருகின்றன என்று பட்டதாரிகளே எழுதுகிறார்கள். இதைத் தீர்க்க ஒரு எலுமிச்சம்பழம் போதும். பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாளில் காலை எட்டு மணிக்கு மேற்கு வானத்தில் நிலா இருக்கும். வெயிலில் நின்று, எலுமிச்சையை நிலாவுக்குப் பக்கத்தில் கை நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பங்கு வெளிச்சமோ, எலுமிச்சையிலும் அதே பங்கு. இரண்டையும் ஒளிரவைப்பது ஒரே சூரியன். பூமியின் நிழலுக்கு இங்கே வேலையே இல்லை.

நிலா பூமியைச் சுற்ற 27.3 நாள். அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு 29.5 நாள். சராசரியாகத் தினமும் 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேரெதிரே இருக்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை நடப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்: சூரியன் இறங்கும்போது நிலா ஏறும், நடுராத்திரியில் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் நின்று சாலை முழுக்க வெளிச்சம் காட்டும். தையில் சூரியன் தெற்கே தாழ்ந்திருப்பதால் அதற்கெதிரே இருக்கும் முழு நிலா வடக்கே உயர்ந்திருக்கிறது. பூச நட்சத்திரத்தருகே முழு நிலா, எதிரே மகரத்தில் சூரியன்.

தை என்றதும் ஒரு கேள்வி வர வேண்டும். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 வாக்கில். நாம் உத்தராயணம் என்று தை முதல் நாளைச் சொல்கிறோமே, ஏன் 24 நாள் தள்ளி? பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவது போல 25,800 ஆண்டுக்கு ஒரு சுற்று ஆடுகிறது. 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுகின்றன, பருவங்கள் அச்சை வைத்து நடக்கின்றன. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன.

கிரகணம் பற்றிச் சுருக்கமாக. நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு 5 டிகிரி சாய்ந்திருப்பதால் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி வாக்கில் ஊட்டி, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாக வளைய கிரகணம் போனது. நிலா தள்ளி இருந்ததால் சூரியனை முழுக்க மூட முடியாமல் வளையம் மிஞ்சியது. நம் பக்கம் அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21, கேரளமும் தென் தமிழ்நாடும் வழியாக. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதையும் வைத்துச் சூரியனைப் பார்க்காதீர்கள். அட்டையில் ஊசித் துளை போட்டுத் தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.

ஆறாம் படி: ஊட்டியில் ஒரு மலைச்சரிவு

குச்சியும் முஷ்டியும் பழகியபின் ஒரு முறை ஊட்டிக்கு அருகே முத்தோரைக்குப் போய் வானொலித் தொலைநோக்கியைத் தூரத்திலிருந்தாவது பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வடக்கு–தெற்காகப் படுத்திருக்கும் தொட்டி போன்ற வடிவம். வானொலி வானியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிந்தது. அதை ஏன் சமதளத்தில் கட்டவில்லை? அந்த மலைச்சரிவு 11 டிகிரி. 11 டிகிரி அட்சக்கோட்டில், வடக்கு–தெற்காக 11 டிகிரி சரிந்த மலையில் ஒரு கோட்டைப் படுக்கவைத்தால் அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அந்த ஒரே அச்சில் கருவியை உருட்டினால் போதும், பூமி சுழல்வதை ஈடுகட்டி ஒரு வானப்பொருளைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். நிலவமைப்பும் வானமும் இவ்வளவு நேராகக் கைகோத்த இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. உங்கள் குச்சியை வடக்கே சாய்த்து, தரையோடு 11 டிகிரி வருமாறு துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்தால் அந்தத் தொலைநோக்கியின் முதுகெலும்பு எது என்று புரியும்.

ஏழாம் படி: கையில் ஒரு கல்

பாறை படிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் காலடிப் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுப் பழையவை. பூமிக்கு வயது 454 கோடி. கஞ்சமலையின் இரும்பு பூமியில் உண்டானதல்ல. சூரியன் பிறப்பதற்கு முன்பே வெடித்த நட்சத்திரங்களில் சமைந்தது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறை இருக்கிறது. கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் கனிமமே பெரும்பங்கு. நிலாவின் வெளுத்த மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறைதான். அதனால்தான் இஸ்ரோ சந்திரயான் ஊர்திகளைச் சோதிக்க, இந்தப் பாறையைப் பொடித்துச் செயற்கை நிலா மண் தயாரித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்துருவத்தருகே இறங்கியது. அங்கே ஊர்ந்த பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் கலவையும் அனார்த்தோசைட்டை ஒத்தே இருந்தது.

சித்தம்பூண்டிக்குக் களப்பணிக்குப் போகும்போது வளர்பிறை எட்டாம் நாளாகப் பார்த்துப் போங்கள். அன்று நண்பகல் வாக்கில்தான் நிலா கிழக்கே எழும்; மூன்று மணிக்கெல்லாம் நன்றாக மேலே வந்துவிடும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு சில்லு எடுங்கள். புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் திருப்பி, நிலாவில் வெளுப்பாகத் தெரியும் பகுதியையும் அதையும் மாறி மாறிப் பாருங்கள்.